‘ஓகே’ போதாது: வீட்டுக் கணினி விமானம் கற்றுத்தரும் கேட்டல் பாடம்

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கு மொழித்திறன்களில் வகுப்பறையில் அளப்பதற்குக் கடினமானது கேட்டல். எழுதியதைத் திருத்தலாம், படிப்பதைக் காதால் கேட்டு மதிப்பிடலாம். ஒரு மாணவர் எதைக் கேட்டார், எவ்வளவு கேட்டார் என்பது அவர் மனத்துக்குள் இருக்கிறது. “புரிந்ததா?” என்று கேட்டால் வகுப்பு முழுவதும் “புரிந்தது டீச்சர்” என்று ஒரே குரலில் சொல்லும். அந்தக் குரலில் புரிந்தவரும் இருப்பார், புரியாதவரும் இருப்பார்.

இந்தச் சிக்கலுக்கு விமானப் போக்குவரத்துத் துறை ஒரு தீர்வு வைத்திருக்கிறது. கேட்டவர் தாம் கேட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் காது கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டும் முடிந்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகப் பொருள். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் நான் இதைக் கற்றது வீட்டுக் கணினியில். விடுமுறை நாள்களில் கணினியில் விமானம் ஓட்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதில் படங்களைவிடப் பேச்சு முறைதான் என்னை ஈர்த்தது. அந்தப் பேச்சு முறையையும், அதை வகுப்புக்குக் கொண்டுவரும் வழியையும் இங்கே பகிர்கிறேன்.

வீட்டுக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம்

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், கட்டணமில்லாமல் கிடைக்கும் ஃபிளைட்கியர் போன்ற மென்பொருள்கள் கணினித் திரையில் விமானி அறையைக் காட்டுகின்றன. தனியாக ஓட்டினால் நினைத்த இடத்தில் ஏறலாம், இறங்கலாம், கேட்பார் இல்லை. உண்மையான வானத்தில் அப்படி முடியாது. அந்த ஒழுங்கையும் சேர்த்துப் பழக விரும்பியவர்கள் இணையவழி வலையமைப்புகளை உருவாக்கினார்கள். அவற்றுள் ஒன்று 2001இல் தொடங்கிய வாட்சிம். இதில் விமானிகளும் மனிதர்கள், கட்டுப்பாட்டாளர்களும் மனிதர்கள். அனைவரும் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது.

விளையாட்டுதானே என்று எளிதாக எண்ண வேண்டாம். புதிதாகச் சேர்பவர் அடிப்படைத் தேர்வு ஒன்றில் தேறிய பிறகே பறக்க முடியும். கட்டுப்பாட்டாளராக அமர விரும்புபவர் படிப்படியாகப் பயிற்சி பெற்றுத் தேர்ச்சி காட்ட வேண்டும். கட்டுப்பாட்டாளர் யாரும் இல்லாத நேரத்தில் 122.8 என்ற பொது அலைவரிசையில் “நான் இன்ன ஓடுபாதையில் இறங்கப்போகிறேன்” என்று மற்ற விமானிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். விமானக் கடத்தலைக் குறிக்கும் 7500 என்ற குறியீட்டை விளையாட்டாகக்கூடப் போடக் கூடாது. எதிர்பாராத கோளாறு ஒன்றை நடித்துப் பழகலாம். ஆனால் கட்டுப்பாட்டாளர் “நிறுத்துங்கள்” என்றால் உடனே நிறுத்த வேண்டும், இல்லையேல் இணைப்பைத் துண்டித்துக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து மதுரைக்கு

ஒரு பயணத்தைப் பின்தொடர்ந்தால் முறை விளங்கும். விமானத்தின் அழைப்புப் பெயர் ‘குயில் 214’ என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் விமான நிலையத்தின் பதிவு செய்யப்பட்ட வானிலை அறிவிப்பைக் கேட்க வேண்டும். காற்றின் திசை, காற்றழுத்தம், பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை ஆகியவை அதில் வரும். ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஓர் எழுத்து உண்டு: அல்ஃபா, பிராவோ, சார்லி என்று. “இன்ஃபர்மேஷன் பிராவோ கேட்டேன்” என்று விமானி சொன்னால், அவரிடம் இருப்பது புதிய செய்தியா பழைய செய்தியா என்பது கட்டுப்பாட்டாளருக்கு ஒரே சொல்லில் தெரிந்துவிடும்.

அடுத்து வழித்தட அனுமதி. எங்கே போகிறோம், எந்த வழியில், முதலில் எவ்வளவு உயரம், அடுத்து யாரோடு எந்த அலைவரிசையில் பேச வேண்டும், ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் நான்கு இலக்கக் குறியீடு என்ன என ஐந்து செய்திகள் ஒரே மூச்சில் வரும். அனுபவமுள்ள விமானிகள் தாளில் ஐந்து வரிகளை முன்பே போட்டுவைத்து, காதில் விழ விழ நிரப்புவார்கள். பிறகு அத்தனையையும் திரும்பச் சொல்வார்கள். இறுதியில் தம் அழைப்புப் பெயரையும் சொல்வார்கள்: “கிளியர்ட் டு மதுரை, கிளைம்ப் டு ஃபைஃப் டௌசண்ட் ஃபீட், ஸ்குவாக் ட்ரீ ஃபோவர் டூ ஒன், குயில் டூ ஒன் ஃபோவர்.” சரியாக இருந்தால் “ரீட்பேக் கரெக்ட்” என்று பதில் வரும். தவறாக இருந்தால் “நெகட்டிவ்” என்று தொடங்கிச் சரியான செய்தி மறுபடி வரும். கோபம் இல்லை, கேலி இல்லை.

தரையில் ஊர்ந்து செல்லும்போது “ஓடுபாதைக்கு முன் நில்” என்ற கட்டளை வந்தால், அதைக் கண்டிப்பாகத் திரும்பச் சொல்ல வேண்டும். ஓடுபாதைக்குள் சென்று காத்திருக்க ஒரு சொற்றொடர், புறப்பட வேறொரு சொற்றொடர். இரண்டையும் கலக்கக் கூடாது. மேலே ஏறிய பிறகு கோபுரத்திலிருந்து அடுத்த கட்டுப்பாட்டாளரிடம் ஒப்படைப்பார்கள்; அந்த அலைவரிசை எண்ணையும் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் மாற வேண்டும்.

எல்லாவற்றையும் திரும்பச் சொல்லத் தேவையில்லை. வழித்தடம், ஓடுபாதை, உயரம், திசை, வேகம், காற்றழுத்த அளவு, அடையாளக் குறியீடு ஆகியவை கட்டாயம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது போன்ற தகவலுக்கு “ராஜர்” போதும். எது தவறினால் ஆபத்து என்று பார்த்து அதை மட்டும் சரிபார்க்கிறார்கள். நம் பாடத்திலும் எதைத் திரும்பச் சொல்லவைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இதே அளவுகோல் உதவும்.

ஒரு சொல்லின் விலை

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். விடை வரலாற்றில் இருக்கிறது.

1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தனர். வழித்தட அனுமதியைப் பெற்ற ஒரு விமானம், புறப்படும் அனுமதி கிடைக்காமலேயே ஓடத் தொடங்கியது. அதன் விமானி சொன்ன வாக்கியத்தைப் ‘புறப்படத் தயார்’ என்றும் ‘புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றும் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ள முடிந்தது. கோபுரத்தின் பதில் “ஓகே” என்று தொடங்கியது. தொடர்ந்து கோபுரமும் மற்ற விமானமும் ஒரே நேரத்தில் பேசியதால், எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டிய சொற்கள் கீச்சொலியில் மறைந்தன. இதன் பிறகு ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் புறப்படும் அனுமதியைத் தரும்போதும் அதை நீக்கும்போதும் மட்டுமே பயன்பட வேண்டும் என்ற நடைமுறை வந்தது. மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்பார்கள்.

1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூருக்கு வந்த சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்கக் கட்டளை வந்தது. அது ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப்பட்டது. முதல் ‘டூ’ என்பதை ‘வரை’ என்னும் பொருள் தரும் ‘டு’ என்று எடுத்துக்கொண்ட விமானி, “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று திரும்பச் சொன்னார். அதாவது 400 அடி. அந்தப் பதிலில் இருந்த தவறு திருத்தப்படவில்லை. விமானம் குன்றில் மோதி நால்வரும் இறந்தனர். ஒலி ஒன்று, பொருள் வேறு என்ற பாடத்தை நாம் ஆங்கில வகுப்பில் எடுத்துக்காட்டுச் சொற்களோடு நடத்துகிறோம். இந்த ஒரு நிகழ்வைச் சொன்னால் அது மறக்காது. இன்னொன்றும் இதில் இருக்கிறது: விமானி திரும்பச் சொன்னார், சரிபார்ப்பு நடக்கவில்லை. திரும்பச் சொல்வது பாதி வேலை, அதைக் கவனித்துக் கேட்பது மீதிப் பாதி.

1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கை நெருங்கிய கொலம்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 73 பேர் இறந்தனர். எரிபொருள் குறைகிறது என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள், முன்னுரிமை கேட்டார்கள். ஆனால் ‘எமர்ஜென்சி’ என்ற ஒற்றைச் சொல்லைக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லவில்லை.

நம் நாட்டிலும் பெருந்துயரம் நடந்தது. 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்தனர். இறங்கிவந்த கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி, ஏறிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி என்று கட்டளை இருந்தது. இடையில் ஆயிரம் அடி. இறங்கிய விமானம் தனக்குரிய உயரத்துக்குக் கீழே வந்துவிட்டது.

இவற்றின் தொடர்ச்சியாகப் பன்னாட்டு விமானங்களின் விமானிகளுக்கும் அவர்களோடு பேசும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் திறன் தேர்வு 2008 முதல் நடைமுறைக்கு வந்தது. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடும் திறன் என்று ஆறு கூறுகள்; ஒவ்வொன்றுக்கும் ஆறு நிலைகள். குறைந்தது நான்காம் நிலை வேண்டும். ஆறு கூறுகளில் எது மிகக் குறைவோ அதுவே ஒருவரின் நிலை. தாய்மொழிச் சாயல் இருக்கலாம். அது புரிதலைக் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நம் மாணவர்களின் உச்சரிப்பைக் கேலி செய்பவர்களுக்கு ஒரு செய்தி. வானொலிப் பேச்சில் மூன்றை ‘ட்ரீ’ என்றும் ஆயிரத்தை ‘டௌசண்ட்’ என்றும் ஒலிப்பதே பன்னாட்டு விதி. நாக்கைப் பல்லிடை வைத்து எழுப்பும் ஒலி பல மொழியினருக்கு வராது, இரைச்சலில் கேட்கவும் கேட்காது. ஐந்தோடு குழம்பாமல் இருக்க ஒன்பதை ‘நைனர்’ என்பார்கள். இதைச் சொன்ன அன்று என் எட்டாம் வகுப்பில் முகங்கள் மலர்ந்ததைப் பார்த்தேன்.

எண்ணிலும் அறிவியலிலும்

மொழிப்பாடத்தோடு இது நிற்பதில்லை. கணக்கு, அறிவியல் ஆசிரியர்களோடு சேர்ந்து நடத்த ஏற்ற செய்திகள் சில:

ஓடுபாதையின் எண், அதன் காந்தத் திசைக் கோணத்தைப் பத்தால் வகுத்து முழுமையாக்கியது. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. மதுரையில் 09, 27. வேறுபாடு எப்போதும் 18 ஏன் என்று கேளுங்கள். 180 பாகை என்ற விடையை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடையாளக் குறியீட்டில் 8, 9 என்ற இலக்கங்கள் வருவதே இல்லை. ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 7 வரை எட்டு வாய்ப்புகள். நான்கு இடங்களுக்கு எட்டின் நான்காம் அடுக்கு, அதாவது 4,096 குறியீடுகள். அடுக்குகள் பாடத்துக்குப் பொருத்தமான வாழ்க்கைக் கணக்கு இது.

கிழக்குப் பாதியை நோக்கி, அதாவது 0 முதல் 179 பாகை வரை, பறப்பவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்களும், மேற்குப் பாதியை நோக்கிப் பறப்பவர்களுக்கு இரட்டைப்படை ஆயிரங்களும் உயரமாகத் தரப்படும். சென்னையிலிருந்து தென்மேற்கே மதுரைக்குப் போகையில் 24,000 அடி என்றால், திரும்பி வருகையில் 23,000 அல்லது 25,000.

உயரமானி காற்றழுத்தத்தை அளந்தே உயரம் காட்டுகிறது. கடல்மட்டத்தை ஒட்டி ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு ஏறத்தாழ 27 அடிக்குச் சமம். 1008 என்பதை 1018 என்று காதில் வாங்கிக் கருவியில் வைத்தால், கருவி உண்மையைவிட ஏறக்குறைய 270 அடி அதிகமாகக் காட்டும். விமானியோ அவ்வளவு தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பார். ஒற்றை இலக்கம் தவறியதன் விளைவு இது.

வகுப்பறைச் செயல்பாடு

நோக்கம்: எண்களும் கட்டளைகளும் கொண்ட ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, குறிப்பெடுத்து, பிழையின்றித் திரும்பச் சொல்லுதல், பிறர் சொல்வதில் உள்ள பிழையைக் கண்டறிந்து திருத்துதல்.

தேவையானவை: சுண்ணக்கட்டி, துண்டுச்சீட்டுகள், குறிப்பேடு. கணினி கட்டாயமில்லை. வானொலிக் கருவி எதுவும் வேண்டாம். வாட்சிம் வலையமைப்பில் சேரக் குறைந்த வயது 13. முன்பின் தெரியாதவர்களோடு பேசும் இடம் என்பதால் மாணவர்களை அதில் சேர்க்கச் சொல்ல வேண்டாம். வகுப்பிலேயே நடத்தலாம்.

முதல் படி. விளையாட்டுத்திடலில் ஓர் ஓடுபாதையும் இரண்டு இணைபாதைகளும் வரையுங்கள். வகுப்பை நால்வர் குழுக்களாகப் பிரியுங்கள்: கட்டுப்பாட்டாளர், இரண்டு விமானிகள், பதிவாளர். குழுக்களே தங்களுக்கு அழைப்புப் பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் படி. கட்டுப்பாட்டாளர் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். வானொலியில் முகம் தெரியாது. தலையசைப்பும் கைச்சாடையும் பயன்படாது. குரல் ஒன்றே துணை என்றதும் மெதுவாகப் பேசும் மாணவர்கள் தாமாகவே தெளிவாகப் பேசத் தொடங்குவார்கள்.

மூன்றாம் படி. கட்டுப்பாட்டாளர் சீட்டில் உள்ள கட்டளையைப் படிப்பார். விமானி குறிப்பெடுத்துத் திரும்பச் சொல்லி, இறுதியில் அழைப்புப் பெயரைச் சொல்வார். சரியென்றால்தான் ஓர் அடி எடுத்து வைக்கலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் செல்லாது. தொடக்கத்தில் ஒரு கட்டளை போதும்; இரண்டாம் வாரம் மூன்று.

நான்காம் படி. சில விமானிகளிடம் மறைவாக ஒரு சீட்டுக் கொடுங்கள்: “ஓர் எண்ணை மாற்றிச் சொல்.” கட்டுப்பாட்டாளர் அதைப் பிடிக்கிறாரா என்று பதிவாளர் குறிப்பார். உண்மையான கேட்டல் தேர்வு இங்கேதான் நடக்கிறது.

மதிப்பீடு: பதிவாளரின் தாளில் மூன்று பத்திகள் போதும். சொன்னது என்ன, திரும்ப வந்தது என்ன, பிழை பிடிபட்டதா. மூன்று வாரத் தாள்களை அருகருகே வைத்தால் ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றமும் தெரியும். எண்ணில் தடுமாறுகிறாரா, சொல்லில் தடுமாறுகிறாரா என்பதும் தெரியும்.

ஐந்து சொற்கள்

செயல்பாட்டுக்கு முன் இந்தச் சொற்களைக் கற்பித்துவிடுங்கள். ‘ராஜர்’ என்றால் முழுவதும் கேட்டேன் என்று பொருள்; சம்மதம் என்று பொருளில்லை. ‘வில்கோ’ என்றால் புரிந்தது, அப்படியே செய்வேன். ‘சே அகெய்ன்’ என்றால் மறுபடி சொல்லுங்கள். ‘ஸ்டாண்ட் பை’ என்றால் காத்திருங்கள், அழைக்கிறேன். ‘அன்ஏபிள்’ என்றால் என்னால் இயலாது.

இவற்றுள் என் மாணவர்களை மாற்றியவை ‘சே அகெய்ன்’, ‘அன்ஏபிள்’ இரண்டும்தான். கேட்கவில்லை என்று சொல்வது வானத்தில் குற்றமில்லை, கடமை. கேட்காமலே கேட்டதாகத் தலையாட்டுவதுதான் குற்றம். ஒரு விமானி ‘அன்ஏபிள்’ என்றால் கட்டுப்பாட்டாளர் அவரைத் திட்டுவதில்லை, வேறு வழி தேடிக் கொடுக்கிறார்.

செயல்பாடு தொடங்கிய சில வாரங்களில், வீட்டுப்பாடம் முடிக்காத மாணவி ஒருவர் எழுந்து, “அன்ஏபிள், டீச்சர்” என்றார். வகுப்பு சிரித்தது. என்ன காரணம் என்று கேட்டேன். அம்மா வெளியூரில் வேலையில் இருக்கிறார், இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த தம்பியைத் தான்தான் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். பள்ளி திறந்தது முதல் எந்தக் கேள்விக்கும் “சரிங்க டீச்சர்” தவிர வேறு சொல் பேசாத குழந்தை அவர். அன்று மாலை தம்பியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்ய முடிந்தது. சொல் கிடைத்ததால் செய்தி வந்தது.

மற்றப் பாடவேளைகளுக்கும் இந்த முறையை நீட்டிக்கலாம். ஆய்வகத்தில் அமிலத்தை நீர்க்கச் செய்யும் முன், எதை எதில் ஊற்ற வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் திரும்பச் சொல்லட்டும். நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சுற்றுலா செல்லும் நாளில் வண்டி எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும் என்பதைத் திரும்பச் சொல்லட்டும். தேர்வறைக்குள் போகும் முன் நேரத்தையும் விடையளிக்க வேண்டிய வினாக்களின் எண்ணிக்கையையும் திரும்பச் சொல்லட்டும். தவறினால் இழப்பு ஏற்படும் செய்திகள் இவை.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நாளைய முதல் பாடவேளையில் நான்கு இலக்க எண் ஒன்றைச் சொல்லி, கடைசி வரிசையில் இருக்கும் ஒருவரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு முன்வரிசையில் இருப்பவரிடம் கேளுங்கள்: “அவர் சொன்னது சரியா?”